கணக்கு எங்கட கணினியில், திறப்பு யாரிடம்?

எங்கட பட்ச்சில் ஒரு உதவி நிதி இருக்கிறது. அதற்குப் பெரிய பேர் ஒன்றுமில்லை. மாதம் ஆளுக்கு 200 ரூபா போடுவோம். இயலாதவர்கள் போடத் தேவையில்லை, ஏன் போடவில்லை என்று எவரும் கேட்பதுமில்லை. புலமைப்பரிசில் காசு பிந்துகிற மாதத்தில் அறை வாடகைக்கு, ஊரில் செத்தவீடு என்றால் பஸ்ஸுக்கு, மூக்குக்கண்ணாடி உடைந்தால் அதற்கு என்று 2,000, 3,000 எடுத்துக் கொடுப்போம். திரும்பத் தந்தால் நல்லது, தராவிட்டாலும் பரவாயில்லை. 2022 இல் பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாகக் கிடந்த நாள்களில் எங்கட சீனியர்மார் தொடங்கியது. எங்கள் கைக்கு வந்தபோது அது ஒரு சீஆர் கொப்பி, இரண்டு பற்றுச்சீட்டுப் புத்தகம், ஒரு பிஸ்கட் ரின். அவ்வளவுதான்.

காசு பொறுப்பு எங்களில் மூன்று பேருக்கு. மூன்று பேரும் கலைப்பீடம். ஒருவர்தான் உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர். மற்ற இருவருக்கும் வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம் என்று இன்னும் ஒரு தடுமாற்றம் உண்டு.

கொப்பியிலிருந்து இணைய விரிதாளுக்கு மாறியது முதல் மாற்றம். அதற்குரிய இணைப்பை ஆரோ ஆருக்கோ அனுப்ப, ஒரு நாள் கன்ரீனில் ஒரு பொடியனைப் பார்த்து "உனக்கும் குடுத்தவையாமே" என்று ஒருவர் கேட்டுவிட்டார். பகிடியாகத்தான் கேட்டது. ஆனால் அந்தப் பொடியன் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு எழும்பிப் போனதைக் கண்டவர்கள் நாங்கள். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இது: கணக்கு எங்கட கணினியில் இருக்க வேணும், வெளியில் எங்கேயும் இருக்கக்கூடாது.

அந்த முடிவு இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறோம். ஆனால் "எங்கட கணினியில் இருக்கு" என்று சொன்னால் போதும், கணக்கு எங்கட கையில் வந்துவிடும் என்று நம்பினோம் பாருங்கள், அது பிழை. அந்த நம்பிக்கைக்கு நாங்கள் கொடுத்த விலையைப் பற்றித்தான் இது. கணக்கு மென்பொருளை நிறுவுவது எப்படி என்று சொல்லித்தரும் கட்டுரைகள் வேண்டிய அளவு இருக்கின்றன. நிறுவும்போது வருகிற பிழைகளை எப்படித் திருத்துவது என்பதற்கும் ஆயிரம் பதில்கள் கிடைக்கும. அந்தத் திருத்தங்கள் ஒவ்வொன்றும் அடுத்தவரின் காசு, அடுத்தவரின் மானம் பற்றிய முடிவு என்று மட்டும் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நாங்கள் எடுத்தது ஃபயர்ஃப்ளை III என்ற மென்பொருள். இலவசம், திறந்த மூலம், இரட்டைப் பதிவு முறையில் வேலை செய்வது. உண்மையில் அது தனி ஒருவர் தன் வீட்டுச் செலவைப் பார்க்கவென்று செய்தது, சங்கங்களுக்கானதல்ல. எங்களுக்கு அது காணும் என்று நினைத்தோம். பற்றரி செத்த பழைய லப்டொப் ஒன்றில் உபுண்டு போட்டு, வளாகத்துக்குப் பின் ஒழுங்கையில் இருக்கிற எங்கட வாடகை வீட்டின் வைஃபையில் இணைத்து, மேசைக்குக் கீழே வைத்தோம். முதல் நாள் கேலிக்குரிய விஷயம் ஒன்றும் நடந்தது: இயல்பாக அதில் யூரோதான் நாணயம் என்பதால், பட்ச்சில் ஒருவர் 200 யூரோ சந்தா கட்டியதாகப் பதிவானது. அப்படியொரு பட்ச் எங்களுக்கு வாய்க்கவில்லை.

வேலை செய்கிற முறையைச் சுருக்கமாகச் சொல்ல வேணும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. டொக்கர் என்ற ஏற்பாட்டில் இரண்டு பெட்டிகள் ஓடும். ஒரு பெட்டியில் நாங்கள் கண்ணால் பார்க்கிற கணக்கு மென்பொருள். மற்றதில் மரியாடிபி என்ற தரவுத்தளம். எண்கள், பெயர்கள் எல்லாம் உண்மையில் கிடப்பது அங்கேதான். (மைஎஸ்கியூஎல் ஒராக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போகப்போகுது என்ற பயத்தில் அதை ஆக்கியவரே பிரித்தெடுத்த கிளைதான் மரியாடிபி. மை, மரியா இரண்டும் அவருடைய மகள்மாரின் பெயர்கள்.) மென்பொருள் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தின் கதவைத் தட்டி, பேரும் கடவுச்சொல்லும் சொல்லித்தான் உள்ளே போகும். அந்தக் கடவுச்சொல் இரண்டு அமைப்புக் கோப்புகளில் எழுதப்பட்டிருக்கும். ஒன்று மென்பொருளுக்கு, மற்றது தரவுத்தளத்துக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேணும். கணக்கீடு படித்தவர் "இதுகும் இரட்டைப் பதிவுதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டு பிழை எண்கள் எங்களோடு பல நாள் குடியிருந்தன. ஒன்று 2002, மற்றது 1045. முதலில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன: சிவப்பு எழுத்தில் நீளமான ஆங்கிலம், "வேலை செய்யேல்லை" என்பதுதான் எங்களுக்கு விளங்கிய சாரம். ஆறுதலாக வாசித்தபோதுதான் இரண்டும் வேறு கதை என்று தெரிந்தது. 2002 என்றால் தட்டின இடத்தில் ஒருவருமில்லை. தரவுத்தளம் இன்னும் எழும்பவில்லை, அல்லது நாங்கள் பிழையான வாசலில் நிற்கிறோம். 1045 என்றால் ஆள் இருக்கிறார், கதவையும் திறந்தார், "உன்னை எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். ஒரு பிழைச் செய்தியில் பேசுவது யார், யாரோடு பேசுகிறார் என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. கலைப்பீடத்தில் நாலு வருசமும் எங்களுக்குச் சொல்லித்தருவது இதைத்தானே? ஒரு பிரதியை வைத்துக்கொண்டு இதில் பேசுகிற குரல் எவருடையது என்று கேட்கப் பழகினவர்கள், கறுப்புத் திரையைக் கண்டதும் ஏன் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிடுகிறோம்?

முதல் 1045 நிறுவிய அன்றே வந்தது. மாதிரிக் கோப்பில் இருந்த கடவுச்சொல்லோடேயே ஒருமுறை ஓடவிட்டுவிட்டு, பிறகு "அதை மாற்ற வேணும்" என்று வாசித்து இரண்டு கோப்பிலும் மாற்றினோம். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தோம். ஆனாலும் 1045.

காரணம் இதுதான். தரவுத்தளம் அந்தக் கோப்பை வாசித்துக் கடவுச்சொல்லை எடுத்துக்கொள்வது முதன்முதலாக, தன் அறை வெறுமையாக இருக்கும்போது மட்டுந்தான். அதன்பிறகு கோப்பில் நீங்கள் எதை எழுதினாலும் அது பார்ப்பதில்லை. பழைய கடவுச்சொல் உள்ளேயே பதிந்து கிடக்கும். புதியதைப் போட வேணுமென்றால் உள்ளே போய், தரவுத்தளத்துக்குக் கட்டளை கொடுத்து மாற்ற வேணும்.

இது எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்தவர் போலப் பேசிய ஒரு தம்பி, கட்டளை ஒன்றை அனுப்பினார்: டொக்கர் கொம்போஸ் டவுன், கடைசியில் ஒரு சின்ன "-வி". போட்டோம். திரும்ப ஓடவிட்டோம். வேலை செய்தது! தேத்தண்ணி போட்டுக் குடித்தோம். அந்தக் கட்டளையை ஒரு துண்டில் எழுதி, "1045 வந்தால்" என்று தலைப்பும் போட்டு, லப்டொப்பின் மூடியில் ஒட்டினோம்.

அந்த "-வி" செய்கிற வேலை என்ன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. தரவு கிடக்கிற அறைக்கு டொக்கரில் வொலியூம் என்று பேர். "-வி" என்பது அந்த அறையையும் சேர்த்து இடிக்கச் சொல்கிற எழுத்து. முதல் நாள் அறை வெறுமையாக இருந்தபடியால் இடித்தாலும் நட்டமில்லை. புதிய அறை புதிய கடவுச்சொல்லோடு எழும்பியது. அதனால் அது மருந்துபோலத் தெரிந்தது.

ஏழு கிழமை கழித்து, ஜனவரி முடிவில், பொறுப்பிலிருந்த மூவரில் ஒருவர் விலகி, புதியவர் வந்தார். ஆள் மாறினால் கடவுச்சொல்லையும் மாற்ற வேணும் என்று ஒழுங்கான பிள்ளைகளாக யோசித்தோம். இரண்டு கோப்பிலும் மாற்றினோம். 1045. மூடியில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தோம். அதைப் போட்டோம்.

மென்பொருள் நல்ல சுத்தமாகத் திறந்து, புதிதாக வந்தவரை வரவேற்று, உங்கள் முதலாவது வங்கிக் கணக்கின் பெயரென்ன என்று கேட்டது.

ஏழு கிழமைப் பதிவுகளும் போய்விட்டன. பிரதி எடுத்து வைக்கவில்லை. "கணினியிலதானே இருக்கு" என்று இருந்துவிட்டோம்.

உள்ளே வந்த காசை மீட்பது கஷ்டமாக இருக்கவில்லை. பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டை இருந்தது. (சீனியர் அக்கா ஒராள், "என்ன கணினி வந்தாலும் றிசீற் எழுதுறதை விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனவ. அந்த ஒன்றுதான் காப்பாற்றியது.) ஆனால் வெளியே போன காசுக்கு அடிக்கட்டை இல்லை. உதவி எடுப்பவரிடம் கையெழுத்து வாங்குவதில்லை என்பது இந்த நிதியின் பழைய வழக்கம். அது ஒரு மரியாதை. அந்த மரியாதைக்கு ஒரே சாட்சியாக நாங்கள் வைத்திருந்த பதிவைத்தான் ஒரு எழுத்தில் அழித்தோம். பிறகு என்ன செய்வது? ஒவ்வொருவராகப் போய், "குறை நினைக்காதையும், நீர் எவ்வளவு எடுத்தனீர் எண்டு ஞாபகம் இருக்கே?" என்று கேட்டோம். கேட்கக்கூடாத கேள்வி அது. சிலர் ஞாபகமாகச் சொன்னார்கள். சிலர் முகத்தைத் திருப்பினார்கள். கடைசியில் ரின்னில் இருந்த காசோடு பார்க்க, 4,500 ரூபாவுக்கு ஆள் தெரியவில்லை. மூன்று பேரும் 1,500 படி போட்டு அடைத்தோம்.

நெற்றில் கிடைக்கிற மருந்துகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அறை வெறுமையாக இருந்திருக்கும். உங்களுடையதில் ஆட்கள் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு பயம் பிடித்தது. மென்பொருளுக்குப் பின்னால் உண்மையில் தரவு கிடக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேணும் என்ற பயம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று அமைச்சர் சொன்ன நாள் நினைவிருக்கும். எல்லோரும் குரங்கு மீம் போட்டுக்கொண்டிருந்த நேரம், நாங்கள் மேசைக்குக் கீழே குந்தியிருந்தோம். கரண்ட் வந்து லப்டொப் தானாக எழும்பியபோது திரையில் 2002. இப்போது தெரியும், அது ஒன்றுமில்லை. இரண்டு பெட்டியும் ஒன்றாக எழும்புகிறபோது, தரவுத்தளம் ஆயத்தமாகுமுன்னரே மென்பொருள் ஓடிப்போய்த் தட்டியிருக்கிறது. மென்பொருளை மட்டும் ஒருமுறை திரும்ப ஓடவிட்டால் சரி. "தரவுத்தளம் ஆயத்தம் என்று சொன்னபிறகு மட்டும் தட்டு" என்று அமைப்புக் கோப்பிலேயே எழுதிவைக்கலாம், பிறகு அப்படித்தான் எழுதினோம்.

ஆனால் அன்றைக்கு, ஜனவரியில் சுட்ட கையோடு, பதறிப்போனோம். அட்மினர் என்று ஒன்று இருக்கிறது, தரவுத்தளத்துக்குள் நேரே எட்டிப் பார்க்க உதவுவது. அதை மூன்றாவது பெட்டியாகச் சேர்த்தோம். மூன்று பேரும் தங்கட ஃபோனிலிருந்தே பார்க்கும்படி ஒரு வாசலைத் திறந்துவிட்டோம். மூன்று பேருக்கும் மறக்காத கடவுச்சொல் வேணும் என்று, தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை வீட்டு வைஃபை கடவுச்சொல்லாகவே மாற்றினோம். இந்த முறை ஒழுங்கான வழியில், உள்ளே போய்க் கட்டளை கொடுத்து மாற்றினோம். 1045 வரவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய வெற்றி.

எல்லாம் கிடந்தது. நிம்மதியாகப் படுத்தோம். வாசலை மூட மறந்துவிட்டோம்.

மறந்தோம் என்பதுகூட முழு உண்மையில்லை. லப்டொப்பில் தீச்சுவர் போட்டிருந்தோம். அதன் நிலையைக் கேட்டால் "மூடியிருக்கு" என்றுதான் சொல்லும். டொக்கர் திறக்கிற வாசல்கள் அந்தத் தீச்சுவரைச் சுற்றிக்கொண்டு போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. முன்கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பின்னால் வேலியில் பொட்டு இருக்கிறதைப் பார்க்காமல் படுத்ததுபோல.

ஒரு மாதம் கழித்து, கீழ் அறையில் இருக்கிற முதலாம் வருடத் தங்கச்சி ஒராள் மேலே வந்தா. பிரிண்டரின் முகவரியைத் தேடி, வீட்டு வைஃபையில் என்னென்ன கருவி கிடக்கு என்று ஒரு செயலியில் பார்த்திருக்கிறா. ஒரு நுழைவுப் பக்கம் வந்திருக்கிறது. சும்மா வைஃபை பாஸ்வேட்டை அடித்துப் பார்த்திருக்கிறா.

"அக்கா, உங்கட நிதிக் கணக்கு என்ட ஃபோனில திறக்குது."

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவவே சொன்னா: "அதில என்ட பேரும் கிடக்கு."

ஃபயர்ஃப்ளையில் காசு வெளியே போனால், அது எவருக்குப் போகிறதோ அவர் பேரில் ஒரு செலவுக் கணக்கு தானாக உருவாகும். கடைக்காரர், மின்சாரசபை என்று பேர் வரவேண்டிய இடம் அது. எங்கட பட்டியலில் இருந்தது முழுக்கப் பிள்ளைகளின் பேர். 37 பேர், அகரவரிசையில், பக்கத்தில் தொகை, குறிப்பில் காரணம். "வாடகை". "அம்மாவுக்கு மருந்து". கன்ரீனில் ஒருவர் வாயால் வந்த ஒரு பேருக்காக நாங்கள் வெளியே போகாமல் பூட்டி வைக்க நினைத்ததை, அந்த வீட்டில் வைஃபை பாவிக்கிற அத்தனை பேருக்கும் ஒரு மாதம் திறந்து வைத்திருந்தோம்.

அடுத்த கிழமை அந்தத் தங்கச்சி 3,000 ரூபாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. திரும்பத் தரத் தேவையில்லாத காசு. "எனக்கு வேண்டாம் அக்கா, பேரை எடுத்துவிடுங்கோ" என்று மட்டும் சொன்னா.

இது நடந்தபிறகு பட்ச்சுக்குள் இரண்டு கதை ஓடுகிறது. இரண்டோடும் எங்களுக்கு உடன்பாடில்லை.

முதலாவது: "ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு உந்த வேலை ஏன்? கம்பியூட்டர் சயன்ஸ் பொடியன் ஒருத்தனைப் பிடிச்சு விட்டிருந்தா முடிஞ்சுது." அந்தப் பொடியன் வாசலை ஒழுங்காகப் பூட்டியிருப்பான், உண்மை. ஆனால் செலவுக் கணக்கில் பிள்ளைகளின் பேரைப் போடலாமா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? உதவி எடுப்பவரிடம் கையெழுத்து வாங்குவதில்லை என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது, எவர் பார்க்கலாம், எவர் அழிக்கலாம் என்பதெல்லாம் அமைப்புக் கோப்பில் ஒரு வரியாகத்தான் தெரியும். ஆனால் அந்த வரியை நிரப்புவதற்கு நிதியைப் பற்றித் தெரிந்திருக்க வேணும். அதோடு, அந்தப் பொடியன் அடுத்த வருசம் பாஸாகிக் கொழும்புக்குப் போய்விடுவான். பிறகு ஒரு 1045 வந்தால், அவனுக்கு ஃபோன் அடித்து, அவன் எடுக்காமல், ஒரு துண்டில் ஒட்டின கட்டளையைப் போட்டு... திரும்பவும் அதே கதைதான். ஒரு ஊரில் ஒருவர் தலைக்குள் மட்டும் கிடக்கிற கணக்கைப் பற்றி எங்கட பெரியவர்களுக்கு நிறையத் தெரியும். எத்தனை கோயிலும் சங்கமும் அதில் இரண்டுபட்டன என்று கேட்டுப் பாருங்கள். கொப்பியை ஒரு ஆள் வைத்திருந்து உடைத்ததை, இப்போது கடவுச்சொல்லை ஒரு ஆள் வைத்திருந்து உடைக்கப் போகிறோம்.

இரண்டாவது கதை: "கொப்பிக்கே போங்கோ." இதை எங்களால் இலேசாகத் தள்ள முடியவில்லை. கொப்பியில் சில நல்ல குணங்கள் உண்டு. மையால் எழுதினதை அழித்தால் அழித்தது தெரியும். கணக்கீடு வகுப்பில் அழிறப்பரைத் தொடவே விடமாட்டார்கள். பிழை விட்டால் திருத்தப் பதிவு ஒன்று போட வேணும், பிழையும் நிற்கும் திருத்தமும் நிற்கும். எங்கட மென்பொருளிலோ ஒரு பதிவை இரண்டு சொடுக்கில் இல்லாமல் ஆக்கலாம். மூன்று பேரும் ஒரே பயனர் பேரில் நுழைந்தபடியால், ஆர் எழுதியது, ஆர் அழித்தது என்றும் தெரியாது. கொப்பியில் என்றால் கையெழுத்தே காட்டிக் கொடுக்கும். இதெல்லாம் உண்மை.

ஆனாலும் கொப்பி நனையும். கொப்பியை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் மற்றவர்களிடம் ஒன்றுமில்லை. கொப்பியையும் எவரும் எட்டிப் பார்க்கலாம். சீஆர் கொப்பிக்குப் பூட்டு இல்லை. இரண்டு வருடச் சந்தாவைக் கூட்டிப் பார்க்க ஒரு இரவு வேணும். எல்லாவற்றையும் விட, இனி எங்கட தலைமுறை போகிற ஒவ்வொரு சங்கத்திலும், கடையிலும், அலுவலகத்திலும் காசு ஒரு தரவுத்தளத்தில்தான் இருக்கப் போகிறது. அதை வேறொருவர் சொல்லக் கேட்டு நம்புகிற ஆட்களாக இருப்பதா, 4,500 ரூபாவோடு பழகிக்கொள்வதா என்றால், இரண்டாவதுதான் மலிவு என்று எங்களுக்குப் படுகிறது. அந்தத் தங்கச்சி கொடுத்த விலையை இந்தக் கணக்கில் சேர்க்க எங்களுக்கு உரிமையில்லை என்பதும் தெரியும்.

ஆகவே மென்பொருள் ஓடுகிறது. மாற்றியது என்ன என்று கேட்பவர்களுக்கு: அட்மினரைத் தூக்கிவிட்டோம். பார்க்க வேண்டிய அவசரம் வந்தால், அந்த லப்டொப்புக்கு முன்னால் இருந்து மட்டும் திறக்கும்படி, 127.0.0.1 என்ற முகவரிக்கு வாசலைக் கட்டித்தான் போடுவோம். இரண்டு பேர் இருக்கும்போது மட்டும். தரவுத்தளத்துக்கு நீளமான ஒரு புதுக் கடவுச்சொல். அது ஒரு கடித உறையில், ஒட்டி, குறுக்கே மூன்று பேரின் கையெழுத்தோடு ரின்னுக்குள் கிடக்கிறது. மென்பொருளில் ஒருவர் பேரும் இல்லை. உ-14, உ-15 என்று எண் மட்டும். எந்த எண் எவர் என்பது ஒரு சின்னக் கொப்பியில், காசைத் தொடாத நாலாவது ஆளிடம். அந்தக் கொப்பி கணினிக்குள் போகாது. ஒவ்வொரு பதிவின் குறிப்பிலும் எழுதியவரின் முதலெழுத்து. பிழையான பதிவை அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுவோம். மூன்று பேரும் ஒப்புக்கொண்டால் மட்டும் நிற்கிற வழக்கம் இது, மென்பொருள் எங்களைத் தடுக்காது.

ஒவ்வொரு இரவும் தரவுத்தளத்தின் பிரதி ஒன்று தானாக எடுபட்டு ஒரு பென் டிரைவுக்குப் போகிறது. இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேணும்: பிரதி எடுப்பது பாதி வேலைதான். மாதத்தின் முதல் ஞாயிறு அந்தப் பிரதியை வேறொரு லப்டொப்பில் விரித்து, ரின்னில் இருக்கிற காசோடு மீதி ஒத்துவருகிறதா என்று எண்ணிப் பார்க்கிறோம். முதல் ஞாயிறு விரிக்கவே முடியவில்லை. அமைப்புக் கோப்புகளைப் பிரதி எடுக்காமல் விட்டிருந்தோம். இரண்டாம் மாதம் சரியாக வந்தது.

லப்டொப் மூடியில் ஒட்டியிருந்த துண்டைக் கிழித்துவிட்டு, ஒரு மொனிட்டர் கொப்பியில் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். பிழை எண், அது என்ன சொல்கிறது, நாங்கள் என்ன செய்தோம், ஏன் செய்தோம், செய்யும்போது உள்ளே என்ன கிடந்தது. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாமல் எந்தக் கட்டளையும் போடுவதில்லை. இப்போது பதினொரு பக்கம் வந்திருக்கிறது. கையெழுத்து மூன்று பேருடையதும் கலந்து, வாசிக்கக் கொஞ்சம் கஷ்டம்.

அந்த 3,000 ரூபாவை உள்வரவாகப் பதிய எங்களுக்கு மனம் வரவில்லை. உறையில் போட்டு ரின்னுக்குள்ளேயே தனியாக வைத்திருக்கிறோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்தக் கட்டுரையை வாசிக்கும்போது, அதை என்ன செய்வது என்றும் கேட்க வேணும்.